அதிவேகப் பங்கு வர்த்தகத்தை உருவகப்படுத்த எந்த வழி ஏற்றது: பதிவு மறுஓட்டம், நெட்லோகோ–மெசா, அபைட்ஸ், சொந்த இன்ஜின்

சந்தையில் பங்குபெறும் ஒவ்வொருவரையும் தனித்தனி முகவராக நிரலில் எழுதி ஓடவிடும் முகவர் சார் மாதிரிகளைக் கொண்டு, கணினி நிரல்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வாங்கி விற்கும் அதிவேகப் பங்கு வர்த்தகத்தை ஆராய விரும்பும் மாணவர்களும் மென்பொருள் பணியாளர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றே: எந்தக் கருவியில் தொடங்குவது? தவறாகத் தேர்ந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் உழைத்து, முடிவுகளை எழுத உட்காரும்போதுதான் அதை உணர்கிறார்கள். அந்த நிலையில் கருவியை மாற்றுவது ஏறக்குறைய புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். ஆகவே நடைமுறையில் கைக்கு எட்டும் நான்கு வழிகளை இங்கே ஒரே அளவுகோல்களால் நிறுத்துப் பார்க்கிறேன். எல்லா வழிகளையும் ஒரே நிகழ்வின் மீது வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும் என்பதால், 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் நிகழ்ந்த திடீர்ச் சரிவை எடுத்துக்கொள்கிறேன்.

## எடுத்துக்கொண்ட நிகழ்வு

அன்று நியூயார்க் நேரம் பிற்பகல் 2:32 மணிக்கு, ஒரு பெரிய நிறுவன முதலீட்டாளர் சிகாகோ மெர்க்கண்டைல் எக்ஸ்சேஞ்சில் இ-மினி எஸ் அண்ட் பி 500 ஃபியூச்சர்ஸ் (அமெரிக்கப் பங்குக் குறியீடு ஒன்றின் வருங்கால விலை மீதான) ஒப்பந்தங்கள் 75,000-ஐ விற்கும் தானியங்கி நிரல் ஒன்றை ஓடவிட்டார். அவற்றின் மதிப்பு ஏறக்குறைய 410 கோடி டாலர். முந்தைய ஒரு நிமிடத்தில் நடந்த வர்த்தக அளவில் 9 சதவீதத்தை விற்றுக்கொண்டே செல்ல வேண்டும் என்பது அந்த நிரலுக்கு இடப்பட்ட கட்டளை. விலை எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் விற்று முடிக்கலாம் என்பவை அதில் இல்லை. அதிவேக வர்த்தகர்கள் முதலில் அவற்றை வாங்கினர். பிறகு கையில் தேங்கியதைத் தங்களுக்குள்ளேயே வேகமாகக் கைமாற்றினர். அதனால் வர்த்தக அளவு ஏறியது. அளவு ஏறியதால் விற்பனை நிரல் மேலும் வேகம் பிடித்தது. 2:45:13 முதல் 2:45:27 வரையிலான 14 விநாடிகளில் அதிவேக வர்த்தகர்கள் 27,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை வாங்கி விற்றனர் என்றும், அது மொத்த வர்த்தகத்தில் ஏறக்குறைய 49 சதவீதம் என்றும், ஆனால் நிகரமாக அவர்கள் கூடுதலாக வாங்கியது சுமார் 200 ஒப்பந்தங்களே என்றும், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் சரக்கு முன்பேர ஆணையமும் 2010 செப்டம்பர் 30 அன்று வெளியிட்ட கூட்டறிக்கை கூறுகிறது. 2:45:28-க்கு எக்ஸ்சேஞ்சின் தானியங்கி ஏற்பாடு வர்த்தகத்தை 5 விநாடி நிறுத்தியது. அதன் பின்னர் விலை மேலே திரும்பியது.

விற்பவர் வாங்குபவரைப் பாதிக்க, வாங்குபவரின் செயல் திரும்பவும் விற்பவரைப் பாதிக்கும் இந்தச் சுழற்சிதான் முகவர் சார் மாதிரியை நாடவைக்கிறது. கிரிலென்கோ, கைல், சமாதி, துசுன் ஆகியோர் அன்று அந்த ஒப்பந்தத்தில் வர்த்தகம் செய்த 15,422 கணக்குகளை ஆறு வகையாகப் பிரித்தனர். அதிவேக வர்த்தகர்கள் 16, இடைநிலையாளர்கள் 179, அடிப்படை நோக்கில் வாங்குவோர் 1,263, அவ்வாறே விற்போர் 1,276, வாய்ப்பு பார்த்து இருபுறமும் செய்வோர் 5,808, சிறு வர்த்தகர்கள் 6,880. மாதிரி கட்டுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் இந்த வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டே இந்தச் சரிவுக்கு ஒரு முகவர் சார் மாதிரியை அமைத்தனர்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவதும் முதன்மையானதும் காலம் நகரும் விதம். முகவர்களின் அறிவுக்கூர்மையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் கடிகாரத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. அதிவேக வர்த்தகத்தில் வெற்றி தோல்வியை அந்தக் கடிகாரமே தீர்மானிக்கிறது. காலத்தைச் சமமான படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் எல்லா முகவர்களையும் வரிசையாக எழுப்புவது ஒரு முறை. படி ஒரு மில்லிவிநாடி என்றால், அதற்குள் 5 மைக்ரோவிநாடியில் வந்தவரும் 900 மைக்ரோவிநாடியில் வந்தவரும் ஒரே நேரத்தில் வந்தவர்களாகிவிடுவர். படியை ஒரு மைக்ரோவிநாடியாகச் சுருக்கினால், ஆறரை மணி நேர அமர்வுக்கு 2,340 கோடி படிகள் வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே நடக்காது. மற்றொரு முறையில், நிகழவிருப்பவற்றை நேர வரிசையில் அடுக்கி வைத்து, ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குக் கடிகாரம் நேராகத் தாவுகிறது. வேகம் ஆய்வின் பொருளாக இருக்கும்போது இரண்டாவது முறையே தகும்.

அடுத்தது, சந்தை உங்களுக்கு மறுமொழி தருகிறதா என்பது. நீங்கள் இடும் ஆர்டரைக் கண்டு மற்றவர்கள் தங்கள் ஆர்டரை விலக்கவோ கூட்டவோ வேண்டும்.

மூன்றாவது, எக்ஸ்சேஞ்ச் விதிகளின் துல்லியம். விலை முதலில், அதே விலையில் முந்தி வந்தவர் முதலில் என்ற முன்னுரிமை, பகுதி நிறைவேற்றம், ரத்து, குறைந்தபட்ச விலைப்படி (விலை மாறக்கூடிய மிகச் சிறிய அளவு), தற்காலிக நிறுத்தம் ஆகிய யாவும் இதில் அடங்கும். இ-மினியில் விலைப்படி 0.25 புள்ளி, அதாவது ஓர் ஒப்பந்தத்துக்கு 12.50 டாலர். வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை சொல்லி நிற்கும் மார்க்கெட் மேக்கரின் வருவாய் முழுவதும் இத்தகைய சிறு தொகைகளில் அடங்கியிருப்பதால், இதைத் தோராயமாக வைத்தால் மாதிரி முழுவதும் பிசகிவிடும்.

நான்காவது, உண்மைத் தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி. ஐந்தாவது, செலவு: பணம், கணினி நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக மனித நேரம்.

## வழி 1: பதிவு செய்த ஆர்டர்களை மறுஓட்டம் விடுவது

நடந்து முடிந்த ஒரு நாளின் ஆர்டர் பதிவுகளை வந்த வரிசையிலேயே மீண்டும் ஓடவிட்டு, இடையில் நம் வர்த்தக நிரலைச் சேர்ப்பது இது. சரியாகச் சொன்னால் இது முகவர் சார் மாதிரியே ஆகாது; எனினும் பலர் இதைச் செய்துவிட்டு அப்பெயரால் அழைப்பதால் ஒப்பீட்டில் சேர்க்கிறேன். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குகளின் ஆர்டர் புக்கை (நிறைவேறக் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலை) மறுகட்டமைத்துத் தரும் லாப்ஸ்டர் தரவு, பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. கல்வித்துறையில் பரவலாகப் பயன்படுகிறது.

காலத் துல்லியத்திலும் விதிகளிலும் இதை மிஞ்ச முடியாது, ஏனெனில் அவை உண்மையிலேயே நடந்தவை. இடறுவது இரண்டாவது அளவுகோலில். 75,000 ஒப்பந்தங்களின் விற்பனையை மே 6-ஆம் தேதிப் பதிவிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் ஓடவிட்டால், அந்த விற்பனையைக் கண்டதால் மற்றவர்கள் இட்ட ஆர்டர்கள் பதிவில் அப்படியே நிற்கும். காரணத்தை எடுத்துவிட்டு விளைவை வைத்துக்கொண்ட அந்த ஓட்டத்திலிருந்து கிடைக்கும் விலைக்கு எந்தப் பொருளும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு வரிசையிடம் பற்றிய ஊகம். ஒரே விலையில் நமக்கு முன்னால் 300 ஒப்பந்தங்கள் காத்திருக்கும்போது, அவற்றில் எத்தனை ரத்தாகும், எப்போது நம் முறை வரும் என்பதை நாமே ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது. ஆர்டர் வாரியான பதிவு இல்லாத தரவில் இந்த ஊகமே லாபத்தை நட்டமாகவும் நட்டத்தை லாபமாகவும் மாற்றிவிடும். சந்தை அளவோடு ஒப்பிட நம் ஆர்டர் மிகச் சிறியதாக இருக்கும்போதும், நம் மென்பொருளின் மறுமொழி நேரத்தை அளக்கும்போதும் இதுவே சிறந்த வழி. மற்ற மூன்று வழிகளையும் சரிபார்ப்பதற்கான உரைகல்லாகவும் இதை வைத்திருக்க வேண்டும்.

## வழி 2: நெட்லோகோ, மெசா போன்ற பொதுக் கருவிகள்

யூரி வில்லென்ஸ்கி 1999-இல் உருவாக்கிய நெட்லோகோவும், பைத்தானில் எழுதப்பட்ட மெசாவும் எந்தத் துறைக்கும் பொருந்தும் கருவிகள். ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டு, மறுவாரமே ஓடும் மாதிரி ஒன்றைக் காட்டலாம். முகவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து விளைவை உடனுக்குடன் திரையில் காண முடிவதால், பாடம் நடத்துபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எளிய முகவர்களைக் கொண்ட மாதிரிகளை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. பட்ஜெட் வரம்புக்குள் தற்செயலாக விலை கேட்கும் முகவர்களே சந்தையை ஏறக்குறைய முழுத் திறனுக்குக் கொண்டுவர முடியும் என்று கோடும் சுந்தரும் 1993-இல் காட்டினர். ஃபார்மர், பட்டெல்லி, சோவ்கோ ஆகியோர் 2005-இல், ஆர்டர்கள் தற்செயலாக வந்து போகும் ஒரு மாதிரியைக் கொண்டு, லண்டன் பங்குச் சந்தையின் 11 பங்குகளுக்கிடையே ஸ்பிரெட் (வாங்குவோர் தரும் உச்ச விலைக்கும் விற்போர் கேட்கும் குறைந்த விலைக்கும் உள்ள இடைவெளி) வேறுபடுவதில் 96 சதவீதத்தை விளக்கினர். எந்தத் திட்டமும் இல்லாத முகவர்களை வைத்தே இவ்வளவு விளக்க முடிகிறது என்றால், அறிவுள்ள முகவரைச் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது ஆய்வு ஒழுக்கம் என்றே கருதுகிறேன்.

இருந்தும் அதிவேக வர்த்தகத்துக்கு இக்கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டும் இயல்பில் படிப்படியாக நகர்பவை. நெட்லோகோவில் நீட்சி நிரல் மூலமாகவும், மெசாவின் அண்மைப் பதிப்புகளிலும் நிகழ்வு வழி ஓட்டம் கிடைக்கிறது. ஆனால் தாமதம், செய்தி அனுப்புதல், ஆர்டர் புக் ஆகியவற்றை நாமே எழுத வேண்டும். எழுதி முடிக்கும்போது கருவியிலிருந்து நாம் பெற்றது திரையும் வரைபடமும் மட்டுமாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு முகவர்கள் எழுப்பப்படும் வரிசையில் இருக்கிறது. நான் முதன்முதலில் கட்டிய மாதிரியில், அதிவேக முகவருக்கு ஒவ்வொரு படியிலும் செயல்படும் உரிமையும், மற்றவர்களுக்குப் பத்துப் படிக்கு ஒருமுறை உரிமையும் கொடுத்திருந்தேன். ஒரே படியில் எழும்போது வரிசை குலுக்கப்பட்டதால், விலை மாறும் அந்த முக்கியமான கணத்தில் வேகமானவர் பாதி முறை பின்தங்கினார். வேகத்தால் பயனில்லை என்ற முடிவு எனக்குக் கிடைத்தது. பல வாரம் கழித்தே அது சந்தையின் இயல்பைச் சொல்லவில்லை, குலுக்கலின் இயல்பைச் சொன்னது என்று புரிந்தது.

## வழி 3: அபைட்ஸ்

டேவிட் பைர்ட், மரியா ஹைபினெட், டக்கர் பால்ச் ஆகியோர் 2019-இல் அறிமுகப்படுத்திய அபைட்ஸ், நிதிச் சந்தைக்கென்றே எழுதப்பட்ட நிகழ்வு வழி உருவகக் கருவி. இதுவும் பைத்தானில் அமைந்தது. மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. கடிகாரம் நானோவிநாடித் துல்லியம் கொண்டது. எக்ஸ்சேஞ்சும் ஒரு முகவரே. மற்ற முகவர்கள் அதனோடு செய்திகள் வழியாக மட்டுமே பேச முடியும். அந்தச் செய்திகள், சந்தைத் தகவலையும் ஆர்டர்களையும் அனுப்ப நாஸ்டாக் பயன்படுத்தும் இட்ச், அவுச் நெறிமுறைகளைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்டவை. எந்த இரு முகவருக்கும் இடையே செய்தி செல்லும் தாமதத்தைத் தனித்தனியே வைக்கலாம். முகவர் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் தனியாக வைக்கலாம். எக்ஸ்சேஞ்சின் கட்டடத்திலேயே கணினி வைத்திருப்பவருக்குச் சில மைக்ரோவிநாடியும், சிகாகோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே கண்ணாடியிழையில் போய்வருபவருக்கு ஏறக்குறைய 13 மில்லிவிநாடியும் என்று எழுதிவிட்டால், வேகத்தின் பயனும் பயனின்மையும் தாமாகவே வெளிப்படுகின்றன. முன் வழியில் நான் பட்ட இடர் இங்கே எழவே வாய்ப்பில்லை.

ஜே.பி. மார்கன் ஆய்வுக் குழு இதை விரிவாக்கி, வலுவூட்டல் கற்றலுக்கு (முயன்று பார்த்துக் கிடைக்கும் பலனிலிருந்து நிரல் தானே கற்கும் முறைக்கு) ஏற்ற இடைமுகத்தையும் சேர்த்து வெளியிட்டது. அதனுடன் தயாராக வரும் முன்மாதிரி அமைப்புகளுள் ஒன்றில் ஒரு எக்ஸ்சேஞ்ச், இரண்டு மார்க்கெட் மேக்கர்கள், 102 மதிப்பு முகவர்கள் (பங்கின் உண்மை மதிப்பைக் கணித்து வர்த்தகம் செய்பவர்கள்), 12 உந்த முகவர்கள் (விலை போகும் திசையிலேயே செல்பவர்கள்), 1,000 இரைச்சல் முகவர்கள் (தற்செயலாக ஆர்டர் இடுபவர்கள்) உள்ளனர். இதை அப்படியே ஓடவிட்டுப் பழகிய பின், மே 6-இன் ஆறு வகையினரை ஒவ்வொருவராக எழுதிச் சேர்ப்பதே நான் சொல்லும் ஒழுங்கு.

செலவுகள் இங்கேயும் மறைந்திருக்கின்றன. அவற்றுள் பெரியது மதிப்பு முகவர்களைப் பற்றியது. பங்கின் உண்மை மதிப்பு என்று ஒரு தொடரை மாதிரிக்கு வெளியே முன்கூட்டியே உருவாக்கி, அதை இரைச்சலோடு மதிப்பு முகவர்களுக்குக் காட்டும் பகுதி ஒன்று அபைட்ஸில் உண்டு. விலை பெரும்பாலும் அந்தத் தொடரையே சுற்றி வருகிறது. அதில் பெரும் அதிர்ச்சிகளும் வரும்படி வைக்கலாம். அப்படி வைத்துவிட்டு, விலை சரிந்ததைக் கண்டு முகவர்களின் கூட்டுச் செயலால் சரிவு உண்டானது என்று எழுதினால், நாம் உள்ளே போட்டதையே வெளியே எடுத்துக் காட்டியவர்களாவோம். சரிவை ஆராயும்போது அந்தத் தொடரை ஏறக்குறைய அசையாமல் வைப்பது கட்டாயம்.

தவிர, பைத்தானின் வேகம் ஓர் எல்லை. ஒரு நாள் அமர்வைப் பல ஆயிரம் முகவர்களோடு நூறு முறை ஓடவிட வேண்டுமென்றால் கணினி நேரத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இ-மினியின் 5 விநாடி நிறுத்தம் போன்ற விதியையும் நாமே எழுத வேண்டும்.

## வழி 4: சொந்தமாக இன்ஜின் எழுதுவது

சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், ஜாவா போன்ற நிரல்மொழிகள் தெரிந்தவர்களுக்கு, ஆர்டர்களைப் பொருத்தும் இன்ஜினைத் தாமே எழுதும் இந்த வழியில் ஈர்ப்பு அதிகம். விலை முன்னுரிமை கொண்ட ஆர்டர் புக் ஒன்றைச் சில நாட்களில் எழுதிவிடலாம். நம்பத்தக்க ஆர்டர் புக் ஆக அதை மாற்றச் சில மாதங்கள் வேண்டும். விலையைத் தசம எண்ணாக வைக்காமல் விலைப்படிகளின் முழு எண்ணிக்கையாக வைப்பது, நேரத்தை நானோவிநாடியின் முழு எண்ணாக வைப்பது, ஒரே நேரத்தில் இரு நிகழ்வு விழுந்தால் வரிசை எண்ணால் முடிவு செய்வது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால், ஒரே விதை எண்ணை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை) கொடுத்தும் இரு ஓட்டங்கள் வேறு வேறு விடை தரும். வாங்கிய மொத்தமும் விற்ற மொத்தமும் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் சமமாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் வரியை நிரந்தரமாக வைத்திருங்கள். பகுதி நிறைவேற்றத்தின் நடுவே ரத்து வரும் இடத்தில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும்.

இந்த உழைப்பு தகுவது, நீங்கள் ஆராய்வது விதியையே எனும்போது. அமெரிக்காவின் ஐஇஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஆர்டர்களைத் தாமதப்படுத்த வைத்திருக்கும் 350 மைக்ரோவிநாடித் தடையின் விளைவையோ, புடிஷ், கிராம்டன், ஷிம் ஆகியோர் 2015-இல் முன்வைத்தபடி தொடர் வர்த்தகத்துக்குப் பதிலாகச் சிறு இடைவெளிகளில் ஏலம் நடத்துவதன் விளைவையோ ஆராய்பவர், எக்ஸ்சேஞ்சின் உள்ளத்தைத் தானே எழுதுவது இயல்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வாவும் வெல்மனும் 2013-இல் இரு சந்தைகளுக்கிடையே தாமத ஆர்பிட்ரேஜ் செய்யும் (விலை மாற்றத்தை மற்றவர்களுக்கு முன் அறிந்து, இரு சந்தை விலைகளின் வேறுபாட்டில் லாபம் பார்க்கும்) முகவரை வைத்து ஆராய்ந்து, அது வர்த்தகர்களின் மொத்தப் பயனைக் குறைக்கிறது என்றும், இடைவெளி ஏலம் அந்த வாய்ப்பையே நீக்குகிறது என்றும் கண்டது இவ்வகை ஆய்வுக்கு நல்ல சான்று. இலட்சக்கணக்கான ஓட்டங்கள் வேண்டுபவர்கள், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2023-இல் வந்த ஜாக்ஸ்-லாப் போல, ஆயிரக்கணக்கான ஆர்டர் புக்குகளை ஜிபியுவில் இணையாக ஓட்டும் நிரலைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

## அட்டவணையாக

| அளவுகோல் | மறுஓட்டம் | நெட்லோகோ, மெசா | அபைட்ஸ் | சொந்த இன்ஜின் |
|---|---|---|---|---|
| காலம் | பதிவில் உள்ளபடி | இயல்பில் படிகள் | நிகழ்வு வழி, நானோவிநாடி | நாம் எழுதுவது போல |
| சந்தையின் மறுமொழி | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| எக்ஸ்சேஞ்ச் விதிகள் | உண்மையானவை | நாமே எழுத வேண்டும் | பெரும்பகுதி தயார் | முழுதும் நம் கையில் |
| முதல் விடை கிடைக்க | சில நாட்கள் | சில நாட்கள் | சில வாரங்கள் | சில மாதங்கள் |
| மறைந்த செலவு | வரிசையிட ஊகம், தரவின் விலை | எழுப்பும் வரிசை | வெளியிலிருந்து வரும் மதிப்புத் தொடர் | கண்ணில் படாத பிழைகள், பராமரிப்பு |

## சரிபார்ப்பு: மூன்று முகவர் வழிகளுக்கும் பொதுவான செலவு

அட்டவணையில் நான்காவது அளவுகோலை நான் சேர்க்கவில்லை, ஏனெனில் எந்தக் கருவியும் அதை நமக்காகச் செய்து தருவதில்லை. விலை மாற்றங்களின் பரவலில் தடித்த வால் (மிகப் பெரிய மாற்றங்கள் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி வருவது), ஏற்ற இறக்கம் கொத்துக் கொத்தாக வருவது ஆகியவற்றைக் காட்டிவிட்டு மாதிரி உண்மையை ஒத்திருக்கிறது என்று பலர் நின்றுவிடுகின்றனர். அவ்விரண்டையும் மிக வேறுபட்ட பல மாதிரிகள் தந்துவிடும் என்பதால், அவற்றால் மாதிரிகளைப் பிரித்தறிய முடியாது. அதிவேக வர்த்தகத்துக்கு இன்னும் நுண்ணியவை வேண்டும்: எத்தனை ஆர்டருக்கு ஒன்று நிறைவேறுகிறது, ஓர் ஆர்டர் ரத்தாகும் வரை எவ்வளவு நேரம் வாழ்கிறது, வாங்கும் ஆர்டரைத் தொடர்ந்து வாங்கும் ஆர்டரே வரும் போக்கு எவ்வளவு நீள்கிறது, புக்கின் ஒவ்வொரு விலை நிலையிலும் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பவை. இவற்றை ஒப்பிட உண்மைப் பதிவு வேண்டும். எந்த வழியில் சென்றாலும் முதல் வழியின் தரவுச் செலவு வந்து சேர்வது இதனால்தான்.

தற்செயல் எண்களைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். விற்பனை நிரல் இருக்கும் ஓட்டத்தையும் இல்லாத ஓட்டத்தையும் ஒப்பிடும்போது, எல்லா முகவர்களும் ஒரே தற்செயல் எண் ஓடையிலிருந்து எடுத்தால், ஒரு முகவரை நீக்கிய உடனே மற்ற எல்லோருடைய எண்களும் இடம் மாறிவிடும். பிறகு காணும் வேறுபாடு நீக்கியதால் வந்ததா, எண்கள் மாறியதால் வந்ததா என்று சொல்ல இயலாது. ஒவ்வொரு முகவருக்கும் தனி ஓடை வைப்பதே தீர்வு. அபைட்ஸ் இதை இயல்பாகவே செய்கிறது. மற்றவற்றில் நாம் செய்துகொள்ள வேண்டும்.

## யாருக்கு எது

வகுப்பில் விளக்க வேண்டியவரும், ஆர்டர் புக் எப்படி இயங்குகிறது என்று முதலில் புரிந்துகொள்ள விரும்புபவரும் நெட்லோகோவையோ மெசாவையோ எடுக்கலாம். தாமதத்தைப் பற்றி எந்த முடிவும் சொல்லாதவரை அவை போதும். சிறு ஆர்டர்களைக் கொண்ட தன் நிரலைச் சோதிப்பவருக்கு மறுஓட்டம் போதும். எக்ஸ்சேஞ்ச் விதியை மாற்றிப் பார்ப்பவரும், ஏற்கெனவே தேர்ந்த நிரலாளர் ஒருவரேனும் உள்ள குழுவும் சொந்த இன்ஜினுக்குப் போகலாம். தனியாக உழைக்கும் ஆய்வு மாணவருக்கு, வேகமும் தாமதமும் கேள்வியின் மையத்தில் இருந்தால், அபைட்ஸையே நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

இந்தியத் தேசியப் பங்குச் சந்தையை உருவகப்படுத்த விரும்புபவர்களுக்கும் இதே விடை பொருந்தும். அங்கேயும் விலை–நேர முன்னுரிமைதான். ஆனால் பங்குப் பரிவர்த்தனை வரியை முகவரின் கணக்கில் சேர்க்காவிட்டால், அமெரிக்க மார்க்கெட் மேக்கரின் நடத்தை இந்தியப் புக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

மே 6-ஐ மீண்டும் எழுப்பிப் பார்க்க நினைப்பவருக்கு என் அமைப்பு இது: அபைட்ஸில் ஆறு வகை முகவர்கள், எண்ணிக்கையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 16 அதிவேகக் கணக்குகளை மட்டும் குறைக்காமல், மதிப்புத் தொடர் அசையாமல், 9 சதவீத விதியுடன் ஒரு நூறு ஓட்டம், அதே விதைகளோடு விலை வரம்பும் சேர்த்த விற்பனை நிரலுடன் இன்னொரு நூறு, விற்பனை நிரலே இல்லாமல் மற்றொரு நூறு. முகவர்களைக் குறைத்த விகிதத்திலேயே 75,000 என்ற அளவையும் குறைக்க வேண்டும். 16 பேரின் இருப்பு வரம்பை (ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்த அளவை) குறைக்காமல் விட்டால், சுருங்கிய விற்பனை முழுவதையும் அவர்களே விழுங்கிவிடுவர்; கைமாற்றும் சுழற்சி தொடங்கவே தொடங்காது.